கருங்காய்ச்சலை வென்ற டாக்டர் பிரம்மச்சாரி

ஒரு நோய்க்கு மருந்து காண எத்தனை கலைகள் வேண்டும்? நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து உள்ளுறுப்பின் வீக்கத்தை அறியும் மருத்துவக் கலை வேண்டும். அவருடைய இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் காணும் கலை வேண்டும். பொருள்களைச் சேர்த்தும் பிரித்தும் புதியன ஆக்கும் இரசாயனம் வேண்டும். நோய் தணிந்தது மருந்தினாலா அன்றித் தற்செயலாகவா என்று எண்ணிச் சொல்லும் கணக்கும் வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் இவை நான்கும் நான்கு கட்டடங்களில் இருக்கின்றன. ஒன்றில் பயில்வோர் மற்றொன்றின் படியை மிதிப்பது அரிது. ஆனால் நோய்க்கு இந்தச் சுவர்கள் தெரியா. அது ஓர் உடம்பில் ஒரே நோயாகத்தான் வருகிறது.

வள்ளுவப் பெருந்தகையும் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்று மருத்துவத்தை நான்காக வகுத்து, நான்கும் கூடியதே மருத்துவம் என்றார். இந்தக் கூட்டு நோக்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கல்கத்தா நகரில் தம் வாழ்வாக்கிக் காட்டியவர் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. மருத்துவமனைப் படுக்கையில் எழுந்த வினாவைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துச் சென்று, அங்கே கிடைத்த விடையை மீண்டும் படுக்கைக்கே கொண்டு வந்து சேர்த்தவர் அவர். அப்பெருமகனாரின் வாழ்க்கையை நம் சங்கத்து நண்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

நோயின் கொடுமை

காலா-அசார் எனப்படும் கருங்காய்ச்சல் அஸ்ஸாம், வங்காளம், பீகார் ஆகிய பகுதிகளை நூறாண்டுகளுக்கு மேலாக வாட்டிய நோயாகும். காய்ச்சல் வரும்; தணியும்; மீண்டும் வரும். மண்ணீரலும் ஈரலும் வீங்கி வயிறு பானைபோல் புடைக்கும். கைகால்கள் குச்சிகளாக மெலியும். இரத்தம் சுண்டும். தோல் கறுக்கும்; அதனாலேயே அப்பெயர் ஏற்பட்டது. மருந்தின்றி விடப்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். அஸ்ஸாமின் நவ்காங் மாவட்டத்தில் 1891-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குக்கும் 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குக்கும் இடையே மக்கள் தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. அதற்குப் பெருங்காரணம் இந்நோயே.

இது மலேரியாவின் ஒரு வகை என்றே பலர் நெடுங்காலம் எண்ணினர். கொயினா கொடுத்தனர், பயனில்லை. 1903-ஆம் ஆண்டில்தான் உண்மை வெளிப்பட்டது. இன்று நம் விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில் காய்ச்சல் கண்டு, இங்கிலாந்து திரும்பி மாண்ட ஒரு போர்வீரனின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் என்னும் இராணுவ மருத்துவர் விந்தையான நுண்ணுயிர்களைக் கண்டு அந்த ஆண்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னைப் பெரிய மருத்துவமனையில் பணியாற்றிய சார்ல்ஸ் டோனவன், தம் நோயாளிகளின் மண்ணீரலில் அவற்றையே கண்டார். இருவர் பெயரையும் இணைத்து அந்த நுண்ணுயிருக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார் ரொனால்டு ராஸ். நம் சென்னை நகருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ?

எதிரி யார் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அவனைக் கொல்லும் படை கையில் இல்லை. அந்தப் படை கிடைக்க மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

கற்றது ஒன்றல்ல

உபேந்திரநாத் 1873-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் நீல்மணி பிரம்மச்சாரி, பீகாரில் உள்ள ஜமால்பூரில் ரயில்வே மருத்துவராகப் பணியாற்றியவர். மகனின் பள்ளிப் படிப்பும் அங்கேயே நடந்தது. பிறகு ஹூக்ளிக் கல்லூரியில் சேர்ந்து 1893-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அப்போது அவர் சிறப்பாகப் பயின்றவை கணிதமும் இரசாயனமும். அடுத்த ஆண்டே கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இரசாயனத்தில் எம்.ஏ. தேறினார். அலெக்ஸாண்டர் பெட்லரும், இந்திய இரசாயனத்தின் தந்தை என்று போற்றப்படும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்களாக விளங்கிய காலம் அது.

கணிதமும் இரசாயனமும் தேர்ந்த இளைஞர் அத்தோடு நின்றிருந்தால் ஒரு கல்லூரிப் பேராசிரியராக நல்வாழ்வு வாழ்ந்திருப்பார். அவரோ மருத்துவத்தையும் பயின்றார். 1900-ஆம் ஆண்டு எம்.பி. தேர்வில் மருத்துவத்திலும் அறுவை மருத்துவத்திலும் முதலிடம் பெற்றுப் பரிசுகள் வாங்கினார். 1902-இல் எம்.டி. ஆனார். 1904-இல் உடலியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். அப்பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைவுறும் முறை. இடையில் 1898-இல் நனிபாலா தேவியாரை மணந்து இல்லறத்தில் புகுந்தார். பெயரளவில்தான் அவர் பிரம்மச்சாரி!

நண்பர்களே, இந்தப் பட்டங்களின் வரிசையை நான் அடுக்கியது அவர் பெருமையைப் பறைசாற்றுவதற்காக மட்டுமன்று. பின்னாளில் அவர் செய்த கண்டுபிடிப்பில் இப்படிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கைகொடுத்தன. இரசாயனம் இல்லையேல் மருந்தை ஆக்கியிருக்க இயலாது. உடலியலும் இரத்த ஆராய்ச்சியும் இல்லையேல் நோயாளியின் இரத்தத்தில் நேரும் மாறுதலை அளந்திருக்க இயலாது. மருத்துவம் இல்லையேல் எந்த வினாவைக் கேட்க வேண்டும் என்பதே தெரிந்திராது.

கைதூக்கி விட்டவர்கள்

திறமை மட்டும் ஒருவரை ஆராய்ச்சியாளராக்கிவிடாது. அதைக் கண்டுகொள்ளும் மூத்தவர் ஒருவர் வேண்டும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஜெரால்டு பாம்ஃபோர்டு இவ்விளைஞரின் ஆராய்ச்சி நாட்டத்தைக் கண்டுகொண்டார். 1901-இல் டாக்கா மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் பணியாற்றும் வாய்ப்பு உபேந்திரநாத்துக்குக் கிட்டியது. அங்கே தலைமை வகித்த நீல் காம்ப்பெல் என்பவரின் கீழ் நான்கு ஆண்டுகள் வேலை செய்தார். காய்ச்சல் நோய்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி அங்கேதான் வேரூன்றியது.

இந்நான்கு ஆண்டுகளை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. இருபத்தேழு வயதில் எம்.பி. தேறிய ஒருவருக்கு, நோயாளிகளைப் பார்க்கும் கடமையும், மாணவருக்குக் கற்பிக்கும் கடமையும், ஆராயும் உரிமையும் ஒரே இடத்தில் கிடைத்தன. மூன்றுள் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் தலைவரும் கிடைத்தார். இன்றைய இளம் மருத்துவருள் எத்தனை பேருக்கு இப்பேறு கிட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

காம்ப்பெல் பள்ளியின் சிற்றறை

1905-இல் அவர் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார். சியால்தாவில் இருந்த காம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகவும் மருத்துவமனையில் மருத்துவராகவும் அமர்ந்தார். 1950-ஆம் ஆண்டு முதல் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றிருப்பது அதுவேதான். நம்மில் பலர் குடியிருக்கும் லேக் கார்டன்ஸில் உள்ளூர் ரயில் ஏறினால், பாலிகஞ்சையும் பார்க் சர்க்கஸையும் கடந்து சியால்தாவில் இறங்கி, நடந்தே அவ்விடத்தை அடையலாம். நாள்தோறும் அப்பக்கம் போய்வரும் நம் தமிழ் மாணவர்களுள் பலர் அவ்விடத்தின் பெருமையை அறிந்திலர்.

காம்ப்பெல் பள்ளி அன்று முதல்தரக் கல்லூரி அன்று. பட்டப்படிப்புக்குக் கீழ்ப்பட்ட மருத்துவச் சான்றிதழுக்கு மாணவரைப் பயிற்றும் பள்ளியே அது. அங்கே ஆராய்ச்சிக்கென்று மாளிகை எதுவும் இல்லை. உபேந்திரநாத்துக்குக் கிடைத்தது ஒரு சிறிய அறை. எரிவாயு இணைப்பு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்விளக்கு இல்லை. புகை கக்கும் லாந்தர் விளக்கின் ஒளியில், பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு, இரவில் அவர் தம் சோதனைகளைச் செய்தார்.

அந்நாளில் கருங்காய்ச்சலுக்கு ஒரு மருந்து வழக்கில் வந்திருந்தது. ஆன்டிமனி என்னும் உலோகமும் டார்டாரிக் அமிலமும் சேர்ந்த உப்பு அது. 1915-இல் இத்தாலியிலும், இதே கல்கத்தாவில் லியனார்டு ராஜர்ஸ் என்பவராலும் அது பயன்படுத்தப்பட்டது. நரம்பின் வழியே ஊசியால் ஏற்றப்படும் அம்மருந்து ஓரளவு பயன் தந்தது. ஆயினும் குணமாக மாதக் கணக்கில் ஊசி போட வேண்டும். வாந்தியும் இருமலும் உடன் வரும். நெஞ்சு தளரும். வலி பொறுக்காமலும், கூலி வேலையை விட்டு வர முடியாமலும் ஏழை நோயாளிகள் பாதியில் ஓடிவிடுவர். பாதியில் விட்ட மருந்து நோயை ஒழிப்பதில்லை.

மருந்து இருக்கிறது, மனிதனால் அதைத் தாங்க முடியவில்லை. இதுதான் உபேந்திரநாத் கண்ட வினா. இரசாயனக் கூடத்தில் மட்டும் அமர்ந்திருப்பவருக்கு இவ்வினா எழாது. அவர் நுண்ணுயிர் செத்ததா என்று மட்டும் பார்ப்பார். நோயாளியின் முகத்தைப் பார்த்தவருக்கே, நுண்ணுயிரைக் கொல்ல வேண்டும், மனிதனைக் கொல்லலாகாது என்னும் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து தோன்றும்.

யூரியா ஸ்டிபமைன்

வழி எங்கே கிடைத்தது? ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் மேதை, ஆர்சனிக் என்னும் நஞ்சைக் கரிமப் பொருளோடு பிணைத்து, மேகநோய்க்குச் சால்வர்சான் என்னும் மருந்தைப் படைத்திருந்தார். அது 1910-இல் வழக்குக்கு வந்தது. ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் தனிமங்களின் அட்டவணையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. ஆர்சனிக்கைக் கொண்டு எர்லிக் செய்ததை ஆன்டிமனியைக் கொண்டு செய்யலாகாதா? எம்.ஏ. வகுப்பில் இரசாயனம் பயின்ற மருத்துவருக்கே எழக்கூடிய வினா இது.

அவர் ஒரே தாவலில் விடையை எட்டிவிடவில்லை. முதலில் டார்டாரிக் உப்பில் பொட்டாசியத்துக்குப் பதில் சோடியத்தைச் சேர்த்துப் பார்த்தார். பிறகு ஆன்டிமனி உலோகத்தையே மிக நுண்ணிய துகளாக்கி நீரில் மிதக்கவிட்டுக் கொடுத்துப் பார்த்தார். பயன் இருந்தது, ஆனால் போதவில்லை. இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் அவருக்குப் பொருளுதவி அளித்த பிறகு கரிம ஆன்டிமனிச் சேர்மங்களில் இறங்கினார். இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று வழங்கும் நிறுவனத்தின் முன்னோடியே அந்தக் கழகம்.

மலேரியாவுக்குக் கொயினா ஊசி போடும்போது, யூரியாவோடு சேர்த்துப் போட்டால் வலி குறைகிறது என்பதை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஊசி முனையில் கற்ற அந்த அறிவை உபேந்திரநாத் இரசாயனக் கூடத்துக்குக் கொண்டு சென்றார். ஸ்டிபனிலிக் அமிலம் என்னும் ஆன்டிமனிச் சேர்மத்தை யூரியாவோடு சேர்த்துச் சூடாக்கினார். 1920-ஆம் ஆண்டில் இவ்வாறு பிறந்ததே யூரியா ஸ்டிபமைன். ஓர் இரவு பத்து மணியளவில், புகையும் விளக்கின் முன், தம் சோதனை பலித்ததைக் கண்ட அந்த நேரத்தை அவர் வாழ்நாளெல்லாம் மகிழ்வோடு நினைவுகூர்ந்தார். அந்தச் சிற்றறை தமக்கு ஒரு புண்ணியத் தலம் என்பதே அவர் எண்ணம்.

1922-இல் அதன் பயன் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. பழைய மருந்துக்கு மாதங்கள் வேண்டியிருந்த இடத்தில் புதிய மருந்துக்குச் சில வாரங்கள் போதும். பழைய மருந்தின் தொல்லைகளும் பெரிதும் குறைந்தன. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாண்ட நோயில், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கும் நிலை வந்தது. அஸ்ஸாமில் அரசினர் நடத்திய ஒழிப்பு இயக்கத்தில் இம்மருந்து ஊர் ஊராகச் சென்றது. தேயிலைத் தோட்டக் கூலிகளும் உழவர்களும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டனர். பத்தாண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டன என்பது அன்றைய அரசாங்கக் கணக்கு.

குணமான பின்னும் பார்த்தவர்

வேறொருவராயின் இத்துடன் மனநிறைவு கொண்டிருப்பார். உபேந்திரநாத், பிழைத்துச் சென்றவர்களை மீண்டும் வரவழைத்துப் பார்த்தார். அவர்களுள் சிலருக்குத் தோலில் வெளிறிய தேமல்களும் முடிச்சுகளும் தோன்றியிருந்தன. பார்த்தவர் எவரும் தொழுநோய் என்றே கருதியிருப்பர். அவர் ஒரு முடிச்சைக் கீறி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதே லீஷ்மேனியா நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்தன! உள்ளுறுப்புகளை விட்டு அகன்ற நோய் தோலில் ஒளிந்திருந்தது. 1922-இல் இதையும் அவர் வெளியிட்டார்.

இக்கண்டுபிடிப்பின் முழுப்பொருள் பிற்காலத்தில்தான் விளங்கியது. இத்தகைய தோல்நோய் உள்ளவர் காய்ச்சலின்றி நடமாடுவார். ஆனால் அவரைக் கடிக்கும் பூச்சி நோயைப் பிறருக்குக் கொண்டு செல்லும். நோயை அறவே ஒழிக்க முனைவோருக்கு இன்றும் இது பெருங்கவலையாக இருக்கிறது. மருந்து கொடுத்து அனுப்பிய நோயாளியை மறவாமல் பின்தொடர்ந்து பார்ப்பதும் ஆராய்ச்சியே என்பதை இதைவிடத் தெளிவாக யார் கற்பிக்க முடியும்?

ஆசிரியராகவும் வழிகாட்டியாகவும்

1923-இல் அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். 1927-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வென்பது பெயரளவில்தான். கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் வெப்பநாட்டு நோய்களைக் கற்பித்தார். அக்கல்லூரியே இன்றைய ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி. பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் உயிர்இரசாயனத்துக்குக் கௌரவப் பேராசிரியராக இருந்தார். தம் இல்லத்திலேயே பிரம்மச்சாரி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். இளம் உதவியாளர்கள் அங்கே மருந்துகளை ஆக்கவும் சோதிக்கவும் பழகினர். ஆசிரியரின் பெயரோடு உதவியாளரின் பெயரும் சேர்ந்து கட்டுரைகள் வெளிவந்தன.

மருத்துவ மாணவருக்கு ஒரு கல்லூரியிலும் விஞ்ஞான மாணவருக்கு மற்றொரு கல்லூரியிலும் ஒரே மனிதர் கற்பித்தார் என்பதைக் கவனியுங்கள். மருத்துவ மாணவருக்கு, மருந்து எங்கிருந்து வருகிறது என்று காட்டினார். விஞ்ஞான மாணவருக்கு, மருந்து யாரிடம் போய்ச் சேருகிறது என்று காட்டினார். மலேரியா, யானைக்கால், நீரிழிவு என்று வேறு நோய்களையும் ஆராய்ந்தார். 1928-இல் கருங்காய்ச்சலைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். 1929-இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு கிட்டவில்லை. 1934-இல் சர் பட்டம் பெற்றார். 1936-இல் இந்தூரில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வங்காள இரத்ததானப் பணியிலும் முன்னின்று உழைத்தார். 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் மறைந்தார். லௌடன் தெருவுக்கு இன்று அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

ஒரு தலையில் அடங்காதது

பெரியோர் வரலாற்றை எழுதும்போது குறைகளை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. யூரியா ஸ்டிபமைனுக்கு அவர் தந்த இரசாயன அமைப்பை 1930-களில் பிற இரசாயன அறிஞர்கள் மறுத்தனர். அது தனியொரு சேர்மம் அன்று என்பது அவர்கள் வாதம். மருந்து உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அதன் உள்ளமைப்பு ஒருவர் கண்ணுக்கு முழுவதும் பிடிபடவில்லை. அடுத்த தலைமுறையில் சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் என்னும் வேறோர் ஆன்டிமனி மருந்து அதன் இடத்தைப் பிடித்தது. பிற்காலத்தில் பீகாரில் அம்மருந்துக்கும் நுண்ணுயிர்கள் பணிய மறுத்தன. இன்று கொழுப்புக் குமிழிகளில் அடைத்த ஆம்ஃபோடெரிசின் மருந்து ஒரே ஊசியில் பயன் தருகிறது.

இந்நோயை மனிதருக்குக் கொண்டு வருவது மணல்ஈ என்னும் சின்னஞ்சிறு பூச்சி. கல்கத்தாவின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர் 1924-இல் மணல்ஈயின் உடலில் அந்நுண்ணுயிர் வளர்வதைக் கண்டனர். ஆனால் பூச்சி கடித்து நோய் பரவுகிறது என்பதை மெய்ப்பிக்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின. ஒரு முறை இரத்தம் குடித்த மணல்ஈ அடுத்த முறை கடிப்பதற்குள் சோதனைக்கூடத்தில் செத்துவிடும். உலர்ந்த திராட்சையை உணவாகக் கொடுத்தால் அது உயிர் பிழைத்திருக்கிறது என்பது பின்னர்த் தெரிய வந்தது. அந்த அறிவைக் கொண்டு, சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும், தாமே முன்வந்த மனிதர்களைக் கடிக்கச் செய்து 1942-இல் உண்மையை நிறுவினர். பூச்சி வளர்ப்பவரின் பொறுமையும் மருத்துவரின் கண்ணும் கூடினால்தான் அந்த முடிச்சு அவிழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, பிரம்மச்சாரியின் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம், எல்லாரும் நான்கு பட்டம் வாங்க வேண்டும் என்பதன்று. அவர் காலத்து இரசாயனத்தையும் மருத்துவத்தையும் ஒரு தலையில் ஏற்றலாம். இன்றைய அளவுக்கு இயலாது. ஆனால் அடுத்த துறையாரின் வினாவைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் மொழியைக் கற்கலாம். அவரோடு ஒரே மேசையில் அமரலாம். அதற்கும் பயிற்சி வேண்டும். வழிகாட்டுபவர் ஒருவரல்லர், இருவர் மூவர் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நான் உயிர்இரசாயனம் பயிலும் மாணவன். வயது இருபத்துமூன்று. நோயைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு நோயாளியையும் காணாமலே என் பட்டம் கைக்கு வந்துவிடும், பாடத்திட்டம் அப்படி. மருத்துவம் பயிலும் நண்பர்களின் நிலையும் மறுபுறத்தில் அதுவே. முதுகலை மருத்துவருக்கு ஆய்வேடு கட்டாயம். ஆனால் காலை முதல் இரவு வரை வெளிநோயாளர் கூட்டம். எத்தனை நோயாளிகளைச் சேர்த்தால் முடிவு நம்பத்தகும் என்று கேட்க அருகில் ஒரு புள்ளியியலார் இரார். கடமைக்கு ஓர் ஆய்வேடு எழுதி முடித்து, ஆராய்ச்சி என்றாலே கசந்து போவோர் பலர்.

இந்நிலையை மாற்ற முயற்சிகள் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எம்.பி.பி.எஸ். மாணவர்க்கென்று 1979-இல் குறுகிய கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டு மாதம் ஆராய்ந்து அறிக்கை தருவது அதன் முறை. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் 2008-இல் கூட்டாகத் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், ஆராய்ச்சியில் ஈடுபடும் மருத்துவர்க்கென்றே தனி உதவித்தொகைகளை வைத்தது. நம் லேக் கார்டன்ஸுக்கு அண்மையில் ஜாதவ்பூரில் இருக்கும் இந்திய இரசாயன உயிரியல் நிறுவனம், 1935-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கென்றே தோன்றியது. அங்கே லீஷ்மேனியாவைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். சியால்தாச் சிற்றறையின் விளக்கு அணைந்துவிடவில்லை.

ஆனால் திட்டங்கள் கதவைத் திறந்து வைக்குமே தவிர, கையைப் பிடித்து அழைத்துச் செல்லா. அந்த வேலையை மூத்த மாணவர்கள் செய்யலாம். நம் சங்கத்தில் மருத்துவர் உண்டு. இரசாயனம் பயில்வோர் உண்டு. புள்ளியியலாரும் பொறியியலாரும் உண்டு. பொங்கல் விழாவுக்குக் கூடுகிறோம்; நாடகம் போடுகிறோம்; உணவு விடுதியில் இட்லியின் கடினத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். மாதம் ஒரு மாலை, மருத்துவ நண்பர் ஒருவர் தம் வார்டில் கண்டு விடை காணாத ஒரு வினாவைக் கொண்டு வரட்டும். நோயாளியின் பெயரும் அடையாளமும் வேண்டா. வினா மட்டும் போதும். மற்றவர் தத்தம் துறையிலிருந்து அதற்கு என்ன செய்யக்கூடும் என்று சொல்லட்டும். பத்து வினாவில் ஒன்பது காற்றோடு போகலாம். ஒன்று நிலைத்தாலும் பயனே. இதற்குப் பணம் வேண்டா. ஒரு கரும்பலகையும் தேநீரும் போதும். பிறமொழி நகரில் நமக்குள் தாய்மொழியில் பேசிக்கொள்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று கூச்சமின்றிக் கேட்கலாம்.

கருங்காய்ச்சல் இன்று தோற்று ஓடும் நிலையில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில், பொதுநலக் கேடு என்னும் நிலையிலிருந்து இந்நோயை ஒழித்த முதல் நாடு என்று அண்டையிலுள்ள வங்காளதேசத்தை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உபேந்திரநாத் ஆசிரியப் பணி தொடங்கிய டாக்கா அந்நாட்டின் தலைநகர். நம் நாட்டிலும் நோயாளிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் காசநோய் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. இன்னும் பெயரிடப்படாத காய்ச்சல்கள் வரும். அவற்றுக்கு விடை காணப்போகிறவர்கள் இன்று ஏதோ ஒரு விடுதி அறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் நம்மவரும் இருக்கட்டும். அடுத்த கட்டடத்தில் பயிலும் நண்பரின் கதவை இந்த வாரமே தட்டுவோம். டாக்டர் பிரம்மச்சாரியின் புகழ் வாழ்க!